அஞ்சு மூச்சு

ஆவூர் பெரியநாயகி அன்னை ஆலயத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு தம்பி, மாடுபிடிக்கிறவர், ஒரு காலைத் திண்ணைமேல் நீட்டி வைத்துக்கொண்டு விரல் நுனியைத் தொடக் குனிந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "எவ்வளவு நேரம்ணே இப்படியே இருக்கணும்? மூணு நிமிசம் இழுத்துப் புடிச்சாத்தான் நரம்பு நீளும்கிறாங்க பசங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வருது" என்றார்.

டீ வருவதற்குள் இதை நாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். அந்தத் தம்பிக்கு இழுத்தது நரம்பு இல்லை, பின்தொடைத் தசை. உட்கார்ந்தால் பெஞ்சில் படுகிற இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி முடிகிற தசை அது. முட்டியை மடக்காமல் குனிந்தால் அதன் இரண்டு முனைகளும் விலகுகின்றன. விலகும்போது சுருக்கென்று ஒரு பிடிப்பு வருகிறதே, அதைத்தான் எல்லோரும் "தசை இதுக்குமேல நீளாது" என்று எடுத்துக்கொள்கிறோம்.

தசையை நாம் கயிறுபோலக் கற்பனை செய்கிறோம். குட்டையான கயிற்றை அதிக நேரம், அதிக பலத்தோடு இழுத்தால் நீண்டுவிடும் என்று நம்புகிறோம். மூன்று நிமிடக் கணக்கு அங்கிருந்துதான் பிறக்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்திருக்கிறேன்.

உண்மையில் நடப்பது என்ன? கடையில் பரோட்டா மாவைப் பாருங்கள். உருண்டையை வெடுக்கென்று இழுத்தால் சுருங்கிக்கொண்டு திரும்பும். இழுத்த நிலையிலேயே கொஞ்சம் பிடித்திருந்தால் எதிர்ப்பு தளரும். தசையும் அப்படியே. ஒரே நிலையில் பிடித்திருக்கும்போது அதன் எதிர்ப்பு முதல் சில பத்து விநாடிகளில்தான் வேகமாகக் குறைகிறது. பிறகு குறைவது மிகச் சொற்பம். ஆனால் இந்தத் தளர்ச்சி தங்காது. ஒரு மணி நேரத்துக்குள் தசை பழையபடி இறுகிவிடும். அப்படியானால் வாரக்கணக்கில் செய்கிறவருக்கு மட்டும் நிலைத்த வளைவு எப்படி வருகிறது?

அதற்கு விடை மாவில் இல்லை, கொட்டிலில் கட்டியிருக்கும் காளையிடம் இருக்கிறது. புதியவர் ஒருவர் அருகே போனால் அது கொம்பை ஆட்டும். அவரே தினமும் வந்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, தவிடு வைத்துவிட்டுப் போனால்? ஒரு மாதத்தில் திமிலைத் தடவ விடும். காளை வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை, பழகிவிட்டது. நம் நரம்பு மண்டலமும் அப்படி ஒரு காவல் வைத்திருக்கிறது. தசை நிஜமாகவே கிழியும் எல்லைக்கு வெகு முன்னாலேயே "போதும், நிறுத்து" என்று எச்சரிக்கும் காவல். நாம் பிடிப்பு என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த எச்சரிக்கைதான். சில வாரப் பயிற்சியில் கூடும் வளைவுக்கு, தசை நீண்டதைவிட இழுப்பைத் தாங்கப் பழகியதே முக்கியக் காரணம் என்று 2010-இல் வெப்லர், மேக்னுசன் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய சோதனைகளைத் திரட்டி எடுத்துக்காட்டினார்கள்.

சரி, காளையிடம் எவ்வளவு நேரம் நிற்பது? அமெரிக்காவில் பாண்டி, ஐரியான் என்ற பிசியோதெரபிஸ்டுகள் 1994-இல் இதையே அளந்தார்கள். பின்தொடைத் தசை இறுகியவர்களைப் பிரித்து, ஒரு குழு 15 விநாடி, ஒரு குழு 30, ஒரு குழு 60 என்று வாரம் 5 நாள், 6 வாரம் பிடிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒன்றுமே செய்யவில்லை. 30 விநாடிக்காரர்கள் நன்றாக முன்னேறினார்கள். 60 விநாடிக்காரர்கள் அவர்களைத் தாண்டவில்லை. 15 விநாடிக்காரர்களுக்கோ சும்மா இருந்தவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, ஒரு நாளைக்கு ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை செய்தால் கூடுதல் பலன் உண்டா என்றும் பார்த்தார்கள். அந்த 6 வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆக அரை நிமிடம். ஆனால் அநேகமாகத் தினமும். மூன்று நிமிடத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்வதைவிட இதுவே மேல். கடிகாரம் வேண்டாம், நிதானமாக இழுத்து விடுகிற அஞ்சு மூச்சு ஏறக்குறைய 30 விநாடி. இதில் இன்னொரு வசதியும் உண்டு. மூச்சை அடக்கித்தான் அந்த நிலையில் நிற்க முடிகிறது என்றால், அளவுக்கு மீறிக் குனிந்துவிட்டோம் என்று அர்த்தம். கண்ணில் தண்ணீர் வரும்வரை இழுப்பது காளையைக் குச்சியால் குத்துவது மாதிரி. அது இன்னும் மிரளும். இழுப்பு தெரிய வேண்டும், வலி கூடாது. காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல விறுவிறுத்தால் அது நரம்பின் குரல், உடனே தளர்த்திவிட வேண்டும்.

தம்பிக்கு நான் அழுத்திச் சொன்னது ஒன்று. வாடிவாசல் முன்னால் நின்றுகொண்டு இதைச் செய்யாதே. ஓட்டத்துக்கோ பாய்ச்சலுக்கோ சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டினால், அதன் வேகமும் பலமும் அந்தச் சமயத்துக்குச் சற்றுக் குறைகின்றன. நூற்றுக்கு நாலைந்து பங்குதான் குறையும், ஆனால் பாய்ந்து வரும் காளைக்கு முன்னால் அது பெரிய தொகை. இறங்குமுன் மெல்ல ஓடி, கால்களை வீசி உடம்பைச் சூடாக்கினால் போதும். பிடித்து நிற்கும் பயிற்சியைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கார்த்திகைப் பாதியில் தொடங்கினால் தை பிறக்கும்போது 6 வாரம் ஆகியிருக்கும்.

கல்லாவில் இருந்த பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "அவன் சின்னப் பய, அஞ்சு மூச்சு. எனக்கு எழுபது ஆச்சுங்க, எனக்கும் அதே கணக்குத்தானா?" என்றார். நல்ல கேள்வி. 65 வயதைத் தாண்டியவர்களை வைத்து 2001-இல் இதே சோதனையைச் செய்தபோது கணக்கு மாறிவிட்டது. அவர்களுக்கு 60 விநாடிதான் அதிகப் பலன் தந்தது. "அப்ப உங்களுக்குப் பத்து மூச்சுங்கய்யா" என்றேன். அவர் எழுந்து வந்து, என் பக்கத்து பெஞ்சில் குதிகாலை வைத்து, இடுப்பில் கைகொடுத்து மெல்லக் குனிந்தார். ஒன்று, இரண்டு என்று தம்பி எண்ண ஆரம்பித்தார்.