பானை கதை சொல்லுமா?

காக்கை வடையைப் பறித்த கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டோ? கேமரன் மலையின் கம்போங் ராஜாவில், தேயிலைத் தோட்டத்து வீட்டில், எனக்குப் பாட்டி சொன்ன முதல் கதை அதுதான். அக்கதை 4,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பானையில் தீட்டப்பட்டுவிட்டது என்று மேடையில் யாராவது முழங்கினால் கைதட்டல் நிச்சயம். அந்தப் பானையைச் சற்று அருகில் சென்று பார்ப்போமே.

குஜராத்தில் லோத்தல் என்ற சிந்துவெளி நாகரிக ஊரை, எஸ்.ஆர்.ராவ் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை 1955 முதல் அகழ்ந்தது. அங்குக் கிடைத்த ஒரு பெரிய சாடியில் மரம் ஒன்று. அதில் அலகில் மீன் கவ்விய பறவைகள். கீழே நரி போன்ற ஒரு விலங்கு. ஏமாந்த காக்கை கதைதான் இது என்ற விளக்கம் அங்கிருந்து பிறந்தது. மீன் எங்கே, வடை எங்கே என்று கேட்க வேண்டாம். பாலி ஜாதகக் கதையில் காக்கை தின்பது நாவற்பழம். ஊருக்கு ஊர் தீனி மாறும். ஆனால், சாடிக்கும் ஏட்டில் ஏறிய கதைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டே!

இடைவெளி மட்டும் தடையாகாது. மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் கி.பி. 600 முதல் 900 வரை தீட்டிய குவளைகளில் ஒன்றைப் பாருங்கள். அதிலும் மரம், மேலே பெரும்பறவை. கீழே ஒருவன் ஊதுகுழலால் குறிபார்க்கிறான். எங்கள் மலையின் ஒராங் அஸ்லி மக்களிடம் உள்ள சும்பிட் போன்றதுதான். இவர்கள் நச்சு அம்பு ஊதுவார்கள், மாயர் களிமண் உருண்டை ஊதினார்கள். 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் வந்த ‘போபோல் வூ’ என்னும் மாயா புராணத்தில், தானே சூரியன் என்று செருக்கிய பறவையை இரட்டையருள் ஒருவனான ஹுனாபு இப்படித்தான் வீழ்த்துகிறான்.

இதை அறிஞர்கள் ஏற்க என்ன காரணம்? உடலில் கரும்புள்ளிகள் உள்ள அதே வீரன் குவளைக்குக் குவளை வருகிறான்; சிலவற்றில் அவன் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. ஜஸ்டின் கெர் 1970களில், குவளையைச் சுழலவிட்டு அதன் சுற்றோவியம் முழுவதையும் ஒரே நீள்படமாக எடுக்கும் முறையை உருவாக்கியபின், நூற்றுக்கணக்கான குவளைகளை ஒப்பிட முடிந்தது. அப்படியும், ஊதுகுழல் காட்சி புராணத்தின் அதே நிகழ்ச்சிதானா என்று இன்னும் வாதிடுகிறார்கள். மாயா குவளைகளில் பல, கல்லறைக் கொள்ளையர் தோண்டி விற்றவை. எந்த ஊர், யாருடைய கல்லறை என்பதே தெரியாது.

லோத்தல் நிலைமை நேர்மாறு. எங்கே கிடைத்தது என்பது தெரியும். படத்துக்குத் துணையாக எழுத்தில்லை, சிந்துவெளி எழுத்தையும் இன்னும் யாரும் ஐயமறப் படிக்கவில்லை. ‘நரி போன்ற’ என்பதில் உள்ள ‘போன்ற’ மேடைக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. அதே நரியும் அதே பறவையும் இன்னும் நான்கைந்து சாடிகளில் கிடைக்கட்டும், முதல் ஆளாக நானே மேடை ஏறுகிறேன்.