அடக்கம் செய்யும் உரிமையும் அரசின் அதிகாரமும்

நாட்டுப்பற்று என்பது குடிமக்கள் தம் மண்ணின்மீதும் அதில் வாழும் மக்களின்மீதும் கொள்ளும் பற்றாகும். ஆட்சியிலிருப்போரின் ஆணைக்குக் கீழ்ப்படிவது அதனின் வேறானது. ஆயினும் நெருக்கடிக் காலங்களில் அரசாங்கங்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டி, ஆணைக்குக் காரணம் கேட்பவரை நாட்டின் நலனுக்கு எதிரானவராகச் சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. இந்த மயக்கம் எத்தகைய தீங்கில் கொண்டுபோய் விடும் என்பதை 2020, 2021ஆம் ஆண்டுகளில் இலங்கையில் கொவிட் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டமை தெளிவாகக் காட்டுகிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களின் நினைவிலிருந்து அந்தக் காலம் எளிதில் அகலக்கூடியதன்று.

ஜனாஸா என்பது இறந்தவரின் உடலையும் அதற்குரிய இறுதிக் கடமைகளையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகும். உடலைக் குளிப்பாட்டுதல், கபன் எனப்படும் வெள்ளைச் சீலையால் பொதிதல், தொழுகை நடத்துதல், மையவாடி எனப்படும் அடக்கத்தலத்தில் அடக்குதல் ஆகிய நான்கும் சமூகத்தின்மீது விழும் கூட்டுக் கடமைகள், அதாவது பர்ளு கிபாயா என இஸ்லாமியச் சட்டம் கொள்கிறது. சிலர் நிறைவேற்றினால் ஊர் முழுவதும் கடமையிலிருந்து விடுபடுகிறது. எவருமே நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுவதும் பொறுப்பாகிறது. எனவே ஓர் உடல் எரிக்கப்பட்டபோது அந்தக் குடும்பத்தோடு ஊரும் சேர்ந்தே தன் கடமையைத் தவறவிட்டதாக உணர்ந்தது.

2020 மார்ச் மாத இறுதியில் வெளியான சுகாதார வழிகாட்டி, கொவிட் தொற்றால் இறந்தவரை எரிக்கவும் அடக்கவும் இடமளித்திருந்தது. சில நாட்களுக்குள் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதியொன்றைக் கொண்டுவந்து, அத்தகைய உடல்கள் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 45 நிமிடங்கள் எரிக்கப்பட வேண்டும் என விதித்தது. ஒழுங்குவிதி என்பது நடைமுறையிலுள்ள சட்டமொன்றின் அதிகாரத்தைக் கொண்டு அமைச்சர் பிறப்பிக்கும் துணை விதியாகும். பிரித்தானியர் காலச் சட்டமொன்றும் அமைச்சரொருவரின் கையொப்பமும் போதுமானவையாக இருந்தமையால், பாராளுமன்ற விவாதத்துக்குத் தேவையே எழவில்லை.

நிலத்தடி நீர் மாசுபடும் என்பதே எரிப்பைக் கட்டாயமாக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார அமைப்போ அதே மார்ச் மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலில் அடக்கம், எரிப்பு இரண்டையும் அனுமதித்திருந்தது. கிணற்று நீரை நம்பி வாழும் அம்பாறைக் கரையோரத்தாருக்கு நிலத்தடி நீர் பற்றிய கவலை புதியதன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் நாட்டிலேயே மிக அதிக உயிர்களை, 10,000க்கும் மேற்பட்டோரை, இழந்த மாவட்டம் அம்பாறையே. அப்போது இந்த மணலிலேதான் உடல்கள் கூட்டாகவும் அடக்கப்பட்டன. நீரைப் பற்றிய அச்சம் உண்மையாயின், அடக்கத்துக்கு ஏற்ற நிலத்தை ஆய்ந்து தெரிவுசெய்வதே முறையாயிருந்திருக்கும். சுகாதார அமைச்சே நியமித்த நிபுணர் குழுவொன்று இரண்டு முறைகளையும் அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்த பின்னரும், 2021 ஜனவரியில் எரிப்பே தொடரும் எனப் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

அரசு ஓர் உரிமையைக் கட்டுப்படுத்த முடியுமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் எவ்விதக் கட்டுப்பாடுமின்றி வழங்குகிறது. 14ஆவது உறுப்புரை அம்மதத்தை வழிபாட்டிலும் ஒழுகலாற்றிலும் வெளிப்படுத்தும் உரிமையை வழங்க, 15ஆவது உறுப்புரை பொதுச் சுகாதாரம் போன்ற நலன்களுக்காக அந்த வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம், அதாவது நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், இன்னும் இறுக்கமாகப் பேசுகிறது. கட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும், நியாயமான நோக்கமொன்றுக்காக இருக்க வேண்டும், அந்நோக்கத்துக்கு உண்மையிலேயே அவசியமாக இருக்க வேண்டும். குறைந்த பாதிப்புள்ள வேறு வழி இருக்கையில் கடுமையான வழியை நாடலாகாது என்பதும் அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. அவசியத்தை நிறுவும் பொறுப்பு கட்டுப்படுத்தும் அரசுக்கே உரியது. பெரும்பாலான நாடுகளில் கொவிட் தொற்றால் இறந்தோர் அடக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், இலங்கை அரசு அந்தப் பொறுப்பை நிறைவேற்றவில்லை.

அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. இத்தகைய மனு முழு விசாரணைக்கு எடுக்கப்படுமுன் நீதிமன்றத்தின் முன்னனுமதியைப் பெற வேண்டும். 2020 டிசம்பர் 1ஆம் திகதி, மூவர் கொண்ட ஆயத்தின் பெரும்பான்மை அந்த அனுமதியை மறுத்தமையால், அரசின் காரணம் சரியா பிழையா என்பது சாட்சியங்களோடு ஆராயப்படவேயில்லை. சில குடும்பங்கள் எரிப்பதற்காக உடலைப் பொறுப்பேற்க மறுத்தன. அவ்வாறு பொறுப்பேற்கப்படாத உடல்களையும் எரிக்கலாம் எனச் சட்டமா அதிபர் ஆலோசனை வழங்கினார். அதே மாதத்தில், பிறந்து இருபது நாட்களேயான குழந்தையொன்றின் உடல் பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. அடுத்த நாட்களில் மக்கள் அந்த மயான வேலியில் வெள்ளைச் சீலைத் துண்டுகளைக் கட்டத் தொடங்கினர். கபன் சீலைப் போராட்டம் என அது பெயர்பெற்றது.

அந்நாட்களில் உரிமை கோரியவர்களுக்குக் கிடைத்த மறுமொழி "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்ற, 2019 ஜனாதிபதித் தேர்தலில் ஒலித்த முழக்கமாகும். சட்டத்துக்கு முன் யாவரும் சமம் என்பதற்கும், ஒரு சமூகத்தாரின் மரணச் சடங்கை யாவர்மீதும் சுமத்துவதற்கும் இடையேயுள்ள தொலைவை அம்முழக்கம் மறைத்துவிட்டது. விசுவாசத்துக்குச் சான்று தேவையெனின் அதுவும் இருந்தது: உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து, 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் தீவிரவாதிகள் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றி உரியவர்களுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. அரசியல் விசுவாசமும் குறையவில்லை; 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆவது திருத்தத்துக்கு எதிர்க்கட்சியிலிருந்து ஆதரவளித்த முஸ்லிம் உறுப்பினர்களில் அம்பாறைப் பிரதிநிதிகளும் இருந்தனர். இவற்றுள் எதுவும் ஒரு ஜனாஸாவையேனும் காப்பாற்றவில்லை. உரிமையை விசுவாசத்துக்கான சன்மானமாகக் கருதத் தொடங்கினால், சன்மானம் தருபவரே அதை நிறுத்தவும் வல்லவராகிவிடுகிறார்.

மாற்றம் வேறு வழியில் வந்தது. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி, 73ஆவது சுதந்திர தினத்துக்கு முதல்நாள், பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை சென்ற தமிழர் பேரணியின் கோரிக்கைகளில் எரிப்பை நிறுத்துவதும் ஒன்றாக இருந்தது; கரையோர முஸ்லிம் ஊர்களில் மக்கள் அதில் இணைந்துகொண்டனர். நீண்டகாலக் கசப்புகளைக் கொண்ட இரு சமூகங்கள் ஒரே கோரிக்கையை ஏந்தியது கிழக்கில் அரிதான நிகழ்வு. ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை அமர்வின் தொடக்கமும் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கானின் வருகையும் அம்மாதத்திலேயே நிகழ்ந்தன. மாத முடிவில் அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. முதலில் இரணைதீவு தெரிவுசெய்யப்பட்டு அங்குள்ள மக்கள் எதிர்த்தபின், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் மார்ச் 5ஆம் திகதி அடக்கம் தொடங்கியது. அடுத்த ஓராண்டில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் 3,600க்கும் மேற்பட்ட உடல்கள், இராணுவ மேற்பார்வையில், அந்த ஓரிடத்துக்கே கொண்டுவரப்பட்டன. சொந்த ஊர் மையவாடியில் அடக்கும் உரிமை 2022 மார்ச்சிலேயே திரும்பியது.

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்பால் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அது வரவேற்கத்தக்கதாயினும், மன்னிப்பு அமைச்சரவையின் தீர்மானமாக மட்டும் நின்றுவிட்டால் அடுத்த நெருக்கடியில் அதற்கு வலுவிராது. அறிவியல் ஆதாரத்தைப் பகிரங்கமாக முன்வைக்காமல் சமயக் கடமையொன்றைத் தடைசெய்யும் ஒழுங்குவிதியை எந்த அமைச்சரும் பிறப்பிக்க இயலாதவாறு சட்டம் திருத்தப்பட வேண்டும்; அத்தகைய மனுக்களை முழுமையாக விசாரிக்கும் கடப்பாடும் நீதிமன்றத்துக்கு இருக்க வேண்டும். நாட்டை நேசிக்கும் குடிமக்கள், தம் சமூகம் பாதிக்கப்படாத வேளையிலும், இவ்விரண்டையும் கேட்டுப் பெறக் கடமைப்பட்டவர்கள்.