பின்னால் இருந்து வரும் மர்மச் சத்தம்! பிக்கப் டிரைவர்கள் தவிப்பு. குற்றவாளியைப் பிடிப்பது எப்படி?

பத்மநாபபுரம்:-

"டக்... டக்... டக்..."

வண்டியை நிறுத்தினால் சத்தம் இல்லை. இறங்கி சுற்றிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஏறி ஓட்டினால் மறுபடியும் "டக்... டக்..."

தக்கலையில் இருந்து குலசேகரம், திருவட்டார், குளச்சல் பக்கம் வாழைக்குலை, தேங்காய், ரப்பர் ஷீட், மீன் ஏற்றி ஓடும் பிக்கப் வண்டிகளின் டிரைவர்களுக்கு இந்தச் சத்தம் பெரிய தலைவலி. மாதத் தவணை கட்டி ஓட்டுகிற வண்டி. ஒருநாள் பட்டறையில் நின்றால் ஒருநாள் வாடகை போச்சு.

சத்தம் எங்கே என்று தெரியாமல் சாமானை மாற்றிக்கொண்டே போனால் பணம் போகும். "கிடக்கட்டும்" என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட்டினால் உயிரே போகலாம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சத்தம் ஓரிடம், சாமான் ஓரிடம்

பிக்கப் வண்டியின் பின்பக்கம் இரும்புத் தகடால் ஆன பெட்டி. லோடு இல்லாதபோது அது ஒரு பெரிய மேளம் மாதிரி. கீழே சின்ன நட்டு ஆடினாலும் மேலே பெரிதாக முழங்கும். சேஸ் இரும்பு வழியாகச் சத்தம் ஓடும். ஆகவே வலது பக்கம் கேட்கிற சத்தத்துக்கு இடது பக்கம் காரணம் இருக்கலாம்.

லோடு ஏற்றியதும் சில சத்தம் நின்றுவிடும். பாரம் அழுத்தி, ஆடுகிற சாமானை இறுக்கிப் பிடித்துக்கொள்வதே காரணம். "சரியாயிட்டு" என்று டிரைவர் நினைப்பார். லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சத்தமும் கூடவே திரும்பி வரும்.

அப்பாவிகளை முதலில் விடுவியுங்கள்

முதல் வேலை, பெட்டியைக் காலி செய்வது. ஜாக்கி, ஸ்பேனர் பை, சங்கிலி, கயிற்றுக் கொக்கி எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பின்கதவின் கொண்டியைத் துணி சுற்றி இறுக்குங்கள். ஸ்டெப்னியை ஆட்டிப் பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்து குழாய் சேசில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் காலணா செலவு இல்லை. பல வண்டிகளில் மர்மம் இதோடு தீர்ந்துவிடும்.

"எப்பம் கேக்குது?"

அனுபவப்பட்ட மெக்கானிக் "என்ன சத்தம்?" என்று முதலில் கேட்பதில்லை. "எப்பம் கேக்குது அண்ணாச்சி?" என்றுதான் கேட்பார். நேரத்தைச் சொன்னால் பாதிக் குற்றவாளிகள் கழிந்துவிடுவார்கள்.

பள்ளத்தில் விழும்போது மட்டும் "டொக்" என்றால், சந்தேகம் ஸ்பிரிங் பட்டையின் புஷ், சாக்கிள், ஷாக் அப்சார்பர், யூ போல்ட் ஆகியவற்றின் மேல்.

கிளட்சை விட்டதும் அல்லது கியர் மாற்றியதும் ஒரே ஒரு "டங்" என்றால், கிராஸ் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். என்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் நீளக் குழாயான புரொப்பெல்லர் ஷாப்டின் மூட்டு அது.

வேகம் ஏற ஏற "ஊ..." என்று ஊளையிட்டால் மூன்று பேர் மேல் சந்தேகம். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஆக்சிலேட்டரை விட்டதும் மாறினால் பின்பக்க ஹவுசிங்கில் உள்ள கிரௌன் பினியன்.

பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் அல்லது மாறினால் பிரேக் பகுதியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்

இன்னொரு சோதனை, எண்ணுவது. பெரிய பிக்கப் வண்டியின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வினாடி ஆகும். அந்தக் கணக்கில் "டக்" கேட்டால் கோளாறு சக்கரத்தோடு சேர்ந்தது. டயரில் குத்திய கல், பிரேக் டிரம், பேரிங் என்று பார்க்கலாம்.

அதே நேரத்துக்குள் நாலு தடவை போலக் கேட்டால் புரொப்பெல்லர் ஷாப்ட் பக்கம் போக வேண்டும். சக்கரம் ஒன்று சுற்றும்போது ஷாப்ட் சுமார் 4 சுற்று சுற்றிவிடும். வேகம் இல்லாதபோது "கீச் கீச்" என்று குருவி மாதிரி கத்தினால், கிரீஸ் வற்றிய கிராஸ் ஜாயிண்ட் ஆக இருக்கலாம்.

இந்தச் சோதனைக்குப் பத்மநாபபுரம் தோதான ஊர். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இந்த ஊரைச் சுற்றிக் கல்மதில் இருக்கிறது. மதிலை ஒட்டிய தெருவில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெல்ல ஓட்டினால், கீழே இருந்து வரும் சத்தம் மதிலில் மோதித் திரும்பிக் காதுக்கு வரும். ஒருமுறை வலது பக்கம் மதில் வரும்படியும், மறுமுறை இடது பக்கம் வரும்படியும் ஓட்டினால் எந்தப் பக்கத்துக் கோளாறு என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சத்தம் கேட்க ஆளைப் பின்னால் உட்கார வைப்பது ஆபத்து, சட்டப்படியும் தப்பு. அதற்குப் பதில் செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, துணியில் சுற்றி, பெட்டியின் நாலு மூலையிலும் மாற்றி மாற்றிக் கட்டி ஓட்டலாம். எந்த மூலையில் சத்தம் பலமோ, அங்கே தேடலாம்.

ரப்பரை அழிக்கும் கருப்பு ஆயில்

பட்டையின் இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும். சோப்புத் தண்ணீரை அந்தப் புஷ் மேல் தெளித்து வண்டியை ஆட்டிப் பாருங்கள். "கிரீச்" சத்தம் சற்று நேரம் அடங்கினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்.

பலர் பட்டையில் பழைய கருப்பு ஆயிலை ஊற்றுவார்கள். சத்தம் அடங்கும். ஆனால் வழிந்த ஆயில் புஷ்ஷில் பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்து மெத்தென்று ஆகிவிடும். இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. பால் வெட்டிப் பிழைக்கும் குமரி மாவட்டத்துக்காரர்கள் ரப்பரின் குணத்தை மறக்கலாமா?

மீன் வண்டிகளுக்கு இன்னொரு எதிரி உண்டு. ஐஸ் தண்ணீரும் உப்பும் வடிந்து பட்டை துருப்பிடிக்கும். துருப்பிடித்த பட்டை விரிசல் விட்டு உடையும். மீன் இறக்கியதும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவது நல்லது.

எமனும் இதே குரலில்தான் பேசுவான்

தேய்ந்த புஷ்ஷும் "டக்" என்கிறது. லூசான யூ போல்ட்டும் "டக்" என்கிறது. புஷ் மாற்றினால் சில நூறு ரூபாய். யூ போல்ட்டைக் கவனிக்காமல் விட்டால் பட்டைக் கட்டின் நடுவே உள்ள சென்டர் போல்ட் முறியலாம். முறிந்தால் பின் ஆக்சில் இடம் மாறி, வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும். வேகத்தில் இது நடந்தால் கவிழ வேண்டியதுதான்.

புரொப்பெல்லர் ஷாப்டின் முன் மூட்டு முறிந்தால் குழாய் ரோட்டில் குத்தும். வீல் பேரிங் சிதறினால் சக்கரமே கழன்று ஓடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2014-ம் ஆண்டு அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனி, 2005 முதல் 2011 வரையிலான டகோமா பிக்கப் வண்டிகளில் சுமார் 6 லட்சத்து 90 ஆயிரம் வண்டிகளைப் பழுது பார்க்கத் திரும்ப அழைத்தது. அழுத்தத்தாலும் துருவாலும் பின்பக்கப் பட்டை உடையலாம், உடைந்த துண்டு பெட்ரோல் டேங்கில் போய் இடிக்கலாம் என்பதுதான் காரணம்.

யூ போல்ட் ஆடுவதற்குக் கண்ணால் காணும் தடயம் உண்டு. போல்ட்டைச் சுற்றிச் செம்பொடி படிந்திருக்கும். இரண்டு இரும்பு உரசும் இடம் வெள்ளிபோல மினுங்கும். டார்ச் அடித்தாலே தெரியும்.

பட்டை மாற்றியவர்கள், சில நூறு கிலோ மீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். "மாத்தியாச்சே, இனி என்ன?" என்று இருந்துவிடுவதால்தான் புதுப் பட்டையும் சத்தம் போடுகிறது.

ஜாக்கியை நம்பாதீர்கள்

அடியில் புகுந்து பார்ப்பவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சம தரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேசுக்கு உறுதியான தாங்கு கொடுத்த பிறகே கீழே போக வேண்டும். சத்தம் தேடப் போய்ச் சாவைத் தேடிக்கொள்ளக் கூடாது.

பாரம்தான் மூலகாரணம்

புஷ், பட்டை, பேரிங் மூன்றையும் சீக்கிரம் கொல்வது அதிக பாரம். 1 டன் வண்டியில் 2 டன் ஏற்றினால் அன்றைக்கு வாடகை கூடும். பிறகு அது பட்டறைக்குப் போய்விடும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20 ஆயிரம் ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

பட்டறைக்குப் போகும் முன் நாலு கேள்விக்கு விடை எழுதி வையுங்கள். எந்த வேகத்தில் கேட்கிறது? லோடோடா, காலியாகவா? பள்ளத்திலா, வளைவிலா, பிரேக்கிலா, கியரிலா? என்றைக்கு முதல்முதலில் கேட்டது, அதற்கு முன் என்ன வேலை செய்தார்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகும், வண்டியை ஓட்டிப் பார்க்காமலே "கிரௌன் பினியன் போச்சு, பல ஆயிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால், பர்சைத் திறக்க வேண்டாம். சாவியைக் கொடுத்து, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அதுவரை லோடு ஏற்றாமல் இருப்பதே உத்தமம். ஒருநாள் வாடகை போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம்.