பனியை உருக்கும் நடைபாதைகள்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில், பூமியின் கர்ப்பத்திலிருந்து எடுக்கப்படும் வெந்நீர், 1930ஆம் ஆண்டு முதற்கொண்டு குழாய்வழியே கட்டடங்களை அடைந்து, அறைகளுக்கு உஷ்ணமூட்டி வருகிறது. அவ்வாறு தன் காரியத்தை முடித்து வெளியேறும் நீரில் ஏறத்தாழ 35 பாகை வெப்பம் எஞ்சியிருக்க, அதனை வீணே சாக்கடையில் விட மனமில்லாத அந்நகரத்தார், நடைபாதைக் கற்களுக்கடியில் வளைந்து வளைந்து செல்லும் பிளாஸ்டிக் குழாய்களில் அதைச் செலுத்துகின்றனர். மேலே விழும் பனி, இறுகிக் கண்ணாடிபோல் வழுக்கத் தொடங்குமுன்பே உருகி ஓடிவிடுவதால், உப்புத் தூவவோ மண்வெட்டியால் வாரவோ அவசியம் நேர்வதில்லை. கடும்பனியின்போது மட்டும் புதிய வெந்நீரைக் கலந்துகொள்கிறார்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியுமோ என்றஞ்சிக் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் முதியோருக்கு இதனினும் சிறந்த உபகாரம் வேறென்ன இருக்கமுடியும்? அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஹாலந்து நகரமும் 1988 முதல், மின்நிலையத்தின் கழிவு வெப்பத்தைக்கொண்டே தன் கடைவீதியைப் பனியினின்று காத்துவருகிறது.