கடல் கடந்த கொலு

டொரொன்டோவின் வடகிழக்கே, ஸ்டீல்ஸ் வீதிக்கு இருமருங்கிலும் பரந்து கிடக்கும் மில்லிக்கனில், புரட்டாசி அமாவாசை நெருங்கியதும், பழைய அட்டைப்பெட்டிகளையும் மேசைகளையும் அடுக்கி வெள்ளைத் துணி போர்த்திக் கொலுப்படி கட்டும் தமிழ் இல்லங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தார் வீடுகளில் கும்பமே பிரதானம்; தமிழ்நாட்டார் வீடுகளிலோ பொம்மைகளே சர்வமும். ஜப்பானியர் மார்ச் 3ஆம் தேதியன்று பெண்மக்களின் க்ஷேமத்தை வேண்டிச் சிவப்புத் துணி விரித்த படிகளில் அரச தம்பதியரை அமர்த்தும் ஹினமட்சுரியைக் கண்டவர்க்கு, மரப்பாச்சித் தம்பதியரை முதலில் எடுத்து வைக்கும் நம் சம்பிரதாயம் நினைவுக்கு வராமற் போகாது.

மண்பொம்மையின் ஜீவன் அதன் உலர்தலில் இருக்கிறது. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் பிசைந்த களிமண்ணை இரு பாதி அச்சுகளில் அழுத்தியெடுத்து, குழைசேறு பூசி ஒட்டி, நிழலிலேயே காயவிடுவார்கள். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திச் சுருங்க, உள்ளே ஈரம் தங்கி, விரிசல் விழும். பின்னர்ச் சூளையில் ஏற்றுகையில், மண்ணோடு இரசாயனமாய்க் கலந்திருந்த நீரும் சுமார் 500, 600 பாகைச் சூட்டில் வெளியேறிவிடுவதால், அப்பொம்மை மறுபடியும் சேறாவதில்லை.

எனினும் விமானப் பிரயாணத்துக்கு ஏற்றது காகிதக்கூழ்ப் பொம்மையே என்பேன். ஊறவைத்து இடித்த காகிதத்தைப் பசையுடனும் சுண்ணத்தூளுடனும் பிசைந்து, அச்சின் உட்புறத்தில் மெல்லிய தகடாக அப்பி எடுப்பதால் உள்ளே வெற்றிடம். நார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதால், மண்ணைப் போல் சட்டென உடையாத உறுதி. காய்ந்த இரு பாதிகளையும் இணைத்து, வெள்ளை பூசி, வழுவழுப்பாகத் தேய்த்து, வர்ணம் தீட்டியபின் கடைசியாகவே கண் எழுதுவார்கள். அந்த இரண்டு தூரிகைக் கீற்றுகளில் கை பிசகினால் அத்தனை நாள் உழைப்பும் அசட்டு முகமாகிவிடும்! மரப்பாச்சி வாங்குவோர் மட்டும் எந்த மரமென்று விசாரித்தல் நலம். பழைய பாச்சிகளுக்கு உகந்த செம்மரம் 1995 முதல் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

காகிதத்துக்கு ஈரமே சத்துரு. கனடாவின் கோடையில் பேஸ்மென்ட் தரை குளிர்ந்து ஈரம் கோத்துக்கொள்ளுமாகையால், விஜயதசமி கழிந்து கொலு கலைத்ததும், பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி மாடி அலமாரியில் வைப்பதே உசிதம்.