நெல் கரை சேர்ந்தது, வைக்கோல்?

தை மாதக் கடைசி. திருவாரூர்ப் பக்கம், அறுவடை முடிந்த ஒரு சம்பா வயல். இயந்திரம் போன தடத்தில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. மேலே தொட்டால் மொறமொறவென்று இருக்கிறது. ஒரு பிடி அள்ளிப் புரட்டினால் அடித்தாள் கறுத்து, பிசுபிசுத்து, பூஞ்சை வாடை அடிக்கிறது. முந்தின இரவு பெய்தது சின்ன மழைதான். ஆனால் மூன்று நாளில் அது மூன்றாவது மழை.

காவிரி டெல்டாவில் குறுவை வைக்கோலை யாரும் பெரிதாக நம்புவதில்லை. ஜூனில் தண்ணீர் வந்து நட்ட பயிர், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது அறுவடைக்கு வரும். அதில் தேறியது லாபம். மாட்டின் கோடையைக் காப்பது சம்பா வைக்கோல்தான். பனியும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் தை, மாசியில் அது பொன்னாகக் காயும். அந்த நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் கதிர் முற்றிய நேரத்தில் மழை கொட்டியது.

மழையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அறுக்கும் முறையும் மாறிவிட்டது. அரிவாளால் அறுத்த காலத்தில் அரி காயவிட்டு, கட்டாகக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்தார்கள். களம் மேட்டில் இருக்கும், தண்ணீர் நிற்காது. நெல்லும் தாளும் சேர்ந்தே வயலை விட்டு வெளியேறின. இன்று வானம் இருட்டினால் உடனே அறுவடை இயந்திரத்தைத் தேடுகிறோம். நெல் டிராக்டர் பெட்டிக்குப் போகிறது. வைக்கோல் பின்பக்கம் ஈர மண்ணில் விழுகிறது. பெல்ட் பூட்டிய அறுவடை இயந்திரம் சேற்றிலும் இறங்கிவிடும். ஆனால் வைக்கோல் கட்டும் இயந்திரத்தை இழுக்கும் டிராக்டர் தரை இறுகினால்தான் வரும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.

நனைந்த வைக்கோல் மறுபடி காயும். ஆனால் பழைய வைக்கோலாக ஆகாது. புரதம் 3, 4 சதவீதமே உள்ள தீவனம் அது. கரையக்கூடிய சத்தில் ஒரு பங்கை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிச்சத்தைப் பூஞ்சை தின்கிறது. பூஞ்சை பிடித்ததைத் தொடர்ந்து தின்னும் எருமைகளுக்கு வால் நுனியும் காது மடலும் குளம்பும் அழுகும் டெக்னாலா நோய் வருவதுண்டு.

அவசரப்பட்டுப் போர் போடுவது அதைவிட ஆபத்து. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய வைக்கோலை அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும், சூடு ஏறும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் போர் போட்ட சில நாளில் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை தாங்காத சூடு என்றால் போரைப் பிரித்து உதறியாக வேண்டும். விட்டுவைத்தால் கருகும், பெரிய போர் தானாகவே தீப்பற்றவும் கூடும்.

வெயில் கிடைக்காத நாளில் ஒரு மாற்று வழி உண்டு. பூஞ்சை பிடிக்கும் முன்பே, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்ற கணக்கில் தண்ணீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி, மூன்று வாரம் வைப்பது. அதிலிருந்து வரும் அம்மோனியா பூஞ்சையையும் அடக்கும், தாளையும் மிருதுவாக்கும். நெடி போக ஆறவிட்ட பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. அளவு தவறினால் யூரியா விஷம். கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்வதே நல்லது.

ஆங்கிலேயரின் பழமொழி வெயில் இருக்கும்போதே புல்லை உலர்த்தச் சொல்கிறது. நாம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றோம். நம் கவலையெல்லாம் நெல்லைப் பற்றியது. இன்றும் அப்படித்தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரத்தைக் கருவி அளக்கிறது; 17 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது, அதைத் தளர்த்தக் கோரிக்கையும் எழுகிறது. பயிர்ச் சேதம் 33 சதவீதத்தைத் தாண்டினால் நிவாரணம் உண்டு. அழுகிய வைக்கோலுக்குத் தனிக் கணக்கு கிடையாது.

அதை அளப்பது சித்திரையில் மாடுதான். தொட்டியில் போட்டதை ஒரு தடவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்றைக்குத்தான் தெரியும், தையில் எவ்வளவு நட்டம் என்று.