நம்ம மணலிலும் கீரை வரும்: ஊருக்கு ஒரு தோட்டத் தோழி



கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார்: "அக்கா, போன வருசம் விதை பாக்கெட் குடுத்தீங்க. போட்டோம், முளைச்சுது, மூணே வாரத்துல கருகிப் போச்சு. இன்னொரு பாக்கெட் குடுத்தா மட்டும் வருமா?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கேட்டது நியாயம்தான். விதை கொடுத்தோம். பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒரு ஆளைக் கொடுக்கவில்லை. அந்த ஆளை நம் குழுக்களுக்குள்ளேயே எப்படி உருவாக்குவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தோட்டம் எதற்கு?

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பத்துப் பேர் உட்காரும் குழுக் கூட்டத்தில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரையில் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது வீட்டில் முதலில் குறைவது காய்கறிச் செலவுதான். வாசலில் ஒரு முருங்கையும் நாலு பெட்டிக் கீரையும் இருந்தால் குழம்புக்கு வழி உண்டு. ஆனால் ஒன்று, கீரை சாப்பிடுகிறோம் என்று சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டும் வேண்டும்.

நாம் செய்த தப்பு

முதல் முறை நாம் செய்ததை மறைக்காமல் எழுதுகிறோம். வேறு ஊருக்கு அச்சடித்த ஒரு நோட்டீசை அப்படியே வாசித்தோம். ஆடிப் பட்டம் தேடி விதை என்றோம். கரிசல் மண்ணுக்குச் சொன்ன அளவில் எரு சொன்னோம். போர் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். நம்ம ஊரில் ஆடி மாதம் மழை கிடையாது, மேல்காற்றுதான் அடிக்கும். காற்றில் மணல் பறந்து நாற்று சாய்ந்தது. மிச்சத்தை உப்புத் தண்ணீர் கருக்கியது.

அதே தெருவில் ஒரு உறுப்பினர் வீட்டில் மட்டும் கீரை நன்றாக இருந்தது. உடைந்த தெர்மோகோல் மீன் பெட்டியில் ஆட்டு எருவும் மணலும் கலந்து, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தார். "ஏன்க்கா இதை யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டோம். "யாரும் கேக்கலியே" என்றார். அவருக்குத் தெரிந்ததோடு கொஞ்சம் பயிற்சியும் சேர்த்து, பத்து வீட்டுக்குப் போய்ச் சொல்ல வைத்தால் என்ன? தோட்டத் தோழி என்று நாம் பேர் வைத்திருப்பது அவரைப் போன்றவருக்குத்தான்.

மற்ற இடங்களில் எப்படி?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் தோட்டம் பற்றிக் கேள்வி கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்ல பல்கலைக்கழக விரிவாக்க அலுவலர்களால் முடியவில்லை. அதனால் 1973ல் பொதுமக்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கட்டணத்துக்குப் பதில் ஒரு ஒப்பந்தம்: கற்றுக்கொண்டவர் இத்தனை மணி நேரம் ஊருக்கு இலவசமாகச் சொல்லித்தர வேண்டும். அந்த முறை பிறகு அமெரிக்கா முழுவதும் பரவியது.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய வேளாண்மைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து 'கிருஷி சகி' திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தன. கிருஷி சகி என்றால் வேளாண் தோழி. இவர்கள் குழுப் பெண்கள்தான். மண் வளம், இயற்கை உரம், விதை, கால்நடை என்று 56 நாள் பயிற்சி. முதல் கட்டத்தில் எடுத்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2024 ஜூன் 18 அன்று வாரணாசியில் 30,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அது வயலுக்கானது. வீட்டுத் தோட்டத்துக்கு அவ்வளவு பெரிய பயிற்சி வேண்டாம். ஆனால் வழி அதே வழிதான்.

தோட்டத் தோழி ஆக ஐந்து படி

1. குழுவில் தீர்மானம் போடுங்கள். படிப்பு முக்கியம் இல்லை. செடி வளர்க்க ஆசையும், அடுத்த வீட்டுக்குப் போய்ப் பேசும் பழக்கமும் இருந்தால் போதும்.

2. பயிற்சிக்குப் போங்கள். நம் மாவட்டத்தில் வாகைக்குளத்தில் ஸ்காட் வேளாண் அறிவியல் நிலையமும், கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. ஒன்றியத் தோட்டக்கலை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். தனியாகப் போவதைவிட, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கூட்டமைப்பு லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்தால் தேதி கேட்பது சுலபம்.

3. ஒரு பருவம் உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். நம் கையில் வராததை அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது.

4. பிறகு பத்து வீடு எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு முறை போனால் போதும். போகும்போது கையைப் பிடித்துச் செய்து காட்டுங்கள். செடி அவர்களுடையது, வேலையும் அவர்கள்தான் செய்ய வேண்டும்.

5. ஒரு நோட்டு போடுங்கள். எந்த வீடு, என்ன விதை, எந்தத் தண்ணீர், வந்ததா, போனதா? போனதையும் எழுதுங்கள். அடுத்த வருசம் அதுதான் நமக்குப் பாடப் புத்தகம்.

நம் கடற்கரைக்கு உரிய பாடம்

பட்டம்: நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசியில் பெட்டியும் மண்ணும் தயாராக இருக்கட்டும். மழைத் தண்ணீர் மண்ணில் உள்ள உப்பைக் கீழே இறக்கும். எல்லா விதையையும் ஒரே தடவை போட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறக்க முடியுமா? பாதி விதையை மூடி போட்ட பாட்டிலில் உயரத்தில் வையுங்கள். பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும்.

தண்ணீர்: வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால் தண்ணீரையும் மண்ணையும் வேளாண் அறிவியல் நிலையத்தில் சோதிக்கலாம். அரிசி, காய் கழுவிய தண்ணீர் நல்லது. சோப்புத்தூள் கலந்த தண்ணீர் கீரைக்கு ஆகாது.

என்ன போடலாம்: பீன்ஸ், வெங்காயம், முள்ளங்கி, கேரட் உப்பைத் தாங்காது. பருப்புக்கீரை நன்றாகத் தாங்கும். பீட்ரூட் தாங்கும். தண்டுக்கீரை, முருங்கை ஓரளவு தாங்கும். இதில் ஆரம்பித்தால் முதல் தடவையே மனசு விட்டுப் போகாது.

மண்: மணல் தண்ணீரைப் பிடிக்காது. மக்கிய ஆட்டு எரு சேருங்கள். தென்னை நார்க் கழிவு போடுவதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் போடுங்கள், அதில் உப்பு இருக்கலாம். மேலே காய்ந்த இலை, பனையோலைத் துண்டு போட்டு மூடுங்கள். வெயிலில் மண் காயக் காய உப்பு மேலே ஏறும். மூடாக்கு அதைக் குறைக்கும்.

உரம்: நம்மிடம் மீன் கழிவுக்குப் பஞ்சம் இல்லை. பச்சை மீன் கழிவு ஒரு கிலோவை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு கிலோ வெல்லத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். கொஞ்சம் இடம் விட்டு மூடி, நிழலில் ஒரு மாதம் வையுங்கள். வடிகட்டிய சாறு 5 மில்லி, தண்ணீர் ஒரு லிட்டர் என்று கலந்து தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவு வேண்டாம், முழுக்க உப்பு.

வேலி: கிழிந்த வலையை யாரும் எறிய வேண்டாம். கோழி, ஆடு வராமல் சுற்றிக் கட்டலாம். புடலை, பாகலுக்குப் பந்தலும் ஆகும். கடல்காற்று அடிக்கும் பக்கம் ஓலைத் தட்டி வையுங்கள்.

தெரியாது என்று சொல்லலாம்

தோழிக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இலை ஏன் சுருளுது என்று கேட்டால், தெரியாவிட்டால், "தெரியலக்கா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். இலையைக் கவரில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். விவசாயிகள் அழைப்பு மையம் 1800 180 1551, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நாம் நோட்டீசைப் பார்த்துத் தெரிந்ததுபோல் சொன்னதால்தான் முதல் வருசம் அத்தனை வீட்டில் செடி போனது. இன்னொன்று, மருந்தோ டானிக்கோ விற்கும் ஏஜெண்டாகத் தோழி இருக்கக் கூடாது. சொல்லித்தருபவரே விற்கவும் செய்தால் நம்பிக்கை போய்விடும்.

சம்பளம் உண்டா?

இல்லை, இது தொண்டு. ஆனால் பெண்கள் வேலை என்றால் இலவசம்தானே என்று ஊர் நினைப்பதும் நமக்குத் தெரியும். அதனால் எல்லையை முதலிலேயே நோட்டில் எழுதுவோம். ஒரு தோழிக்குப் பத்து வீடு, மாதம் இரண்டு மதியம், ஒரு வருசம். பயிற்சிக்குப் போகும் பஸ் செலவு கூட்டமைப்பு நிதியில் இருந்து. வருசம் முடிந்தால் தொடரலாம், அடுத்தவருக்கும் விடலாம்.

1961க்குப் பிறகு நம் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் முத்துக்குளித்த குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள், மூழ்குகிறவனைவிட மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிற ஆள் நம்பிக்கையானவனாக இருக்க வேண்டும் என்று. நம் தோழிகளும் அப்படிக் கயிறு பிடிக்கிறவர்கள்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். அன்று கேள்வி கேட்ட உறுப்பினரின் குழுவில் இருந்து முதல் பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. அவரே பெயர் கொடுத்திருக்கிறார்.